காலக்கெடுவைத் தவறவிட்ட சொலிசிட்டர்: இங்கிலாந்தில் இழப்பீடு கோரியிருப்போர் கவனத்திற்கு

இங்கிலாந்தில் விபத்து இழப்பீட்டுக்காக ஒரு சொலிசிட்டரை, அதாவது வழக்கறிஞரை, நம்பியிருக்கிறீர்களா? இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: "என் வழக்கைத் தாக்கல் செய்யக் கடைசி நாள் எது?" பதில் எழுத்தில், தேதியோடு வரவேண்டும். "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்பது பதிலே அல்ல. எங்களுக்கு அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கிடங்கு வேலையின்போது என் கணவர் ஏணியிலிருந்து விழுந்து தோள் எலும்பை முறித்துக்கொண்டார். 1980ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, உடற்காய வழக்கைப் பொதுவாக மூன்று ஆண்டுகளுக்குள் நீதிமன்றத்தில் பதிந்துவிட வேண்டும். முதலாளி தரப்புக் காப்பீட்டு நிறுவனத்தோடு பேச்சு நடப்பதால் மட்டும் அந்தக் கெடு நிற்பதில்லை. எங்கள் கோப்போ ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறிக்கொண்டே இருந்தது. கடிதங்கள் போயின, வந்தன. வழக்கு மட்டும் பதியப்படவில்லை. கெடு கடந்ததும் எதிர்த்தரப்பு பேச்சையே நிறுத்திவிட்டது.

அதன்பின் நடந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் சொலிசிட்டர் நிறுவனத்தார் தவறை விளக்கிக் கடிதம் அனுப்பாமல், "நல்லெண்ணத் தொகை" என்று ஒரு சிறு பணத்தையும், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று கையெழுத்திட ஒரு தாளையும் அனுப்பினார்கள். தவறு நேர்ந்தால் என்ன நடந்தது, அதனால் என்ன பாதிப்பு என்பதை முழுமையாக, தாமதமின்றி வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டும் என்பது அவர்களுடைய ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. வேறொரு சொலிசிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்ற ஒரு வரிகூட அந்தக் கடிதத்தில் இல்லை. அப்படி ஒரு தாள் வந்தால் தயவுசெய்து கையெழுத்திடாதீர்கள்.

நாங்கள் கோப்பை எழுத்துமூலம் கேட்டு வாங்கி, தொழில்முறை அலட்சிய வழக்குகளை நடத்தும் வேறொருவரிடம் கொண்டுபோனோம். அவர் முதலில் பார்த்தது அதே காலவரையறைச் சட்டத்தின் 33ஆம் பிரிவை. காலம் கடந்த காய வழக்கையும் நீதிமன்றம் அனுமதிக்க அதில் இடமுண்டு, ஆனால் உறுதியில்லை. அடுத்தது பழைய நிறுவனத்தின் மீதான வழக்கு. இதற்குப் பொதுவாக ஆறு ஆண்டுகள். இந்தக் கெடுவும் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள்.

கெடுவைத் தவறவிட்டார்கள் என்று காட்டிவிட்டால் முழுப் பணமும் வந்துவிடாது. இழந்தது ஒரு வாய்ப்பு என்றுதான் நீதிமன்றம் கணக்கிடும். 40,000 பவுண்டு பெறக்கூடிய வழக்கில் வெல்லும் வாய்ப்பு 60 விழுக்காடு என்றால், கிடைப்பது ஏறத்தாழ 24,000. பெர்ரி என்ற சுரங்கத் தொழிலாளி தன் பழைய சொலிசிட்டர் நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில் 2019இல் உச்ச நீதிமன்றம், சரியான ஆலோசனை கிடைத்திருந்தால் நேர்மையான கோரிக்கையைத் தொடுத்திருப்பேன் என்பதை அவரே நிரூபிக்க வேண்டும் என்றது. ஆகவே மருத்துவக் குறிப்புகள், சம்பளச் சீட்டுகள், விபத்துப் பதிவேட்டின் நகல், சாட்சிகளின் பெயர்கள் என எதையும் தூக்கி எறியாதீர்கள்.

சொலிசிட்டர்கள் மீதான புகார்களை விசாரிக்கும் சட்ட ஒம்பட்ஸ்மனிடம் போகலாமா என்று பலர் கேட்கிறார்கள். போகலாம். முதலில் நிறுவனத்திடமே புகார் செய்து எட்டு வாரம் அவகாசம் தர வேண்டும். அங்கே இழப்பீட்டு உச்சவரம்பு 50,000 பவுண்டு. ஆனால் அந்தப் புகார் நீதிமன்றக் கெடுவை நிறுத்தாது.

சொலிசிட்டர் நிறுவனங்களுக்குத் தொழில்முறைக் காப்பீடு கட்டாயம். எங்கள் கோரிக்கை இப்போது அந்தக் காப்பீட்டாளரிடம் இருக்கிறது. தேதி தவறியதை ஒப்புக்கொண்டுவிட்டார்கள். தோளின் பாதிப்பு எவ்வளவு என்பதில்தான் இப்போது வாதாடுகிறார்கள்.