ஊசி ஈக்கு வலையா, மருந்தா, குளவியா?

ஐந்தாம் பருவத்து, அதாவது கடைசிப் பருவத்துப் பட்டுப்புழுவின் உடம்பில் கடுகளவு கறுப்புத் தழும்பைப் பார்த்தாலே வயிறு கலங்கும். அதன் மேல் ஊசி ஈ இட்ட முட்டை பொரிந்து, ஈயின் புழு உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். அந்தப் பட்டுப்புழு கூடு கட்டினாலும், ஈயின் புழு கூட்டைத் துளைத்து வெளியே வரும். ஓட்டை விழுந்த கூட்டில் நூல் அறுந்து அறுந்து வரும். 1980-இல் கர்நாடகத்துக்குள் நுழைந்த பூச்சி இது. ஓசூர், உடுமலைப் பக்கம் புழு வளர்ப்பவர்களுக்கு இதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பூச்சிக்கொல்லி அடிக்க வழியில்லை, பட்டுப்புழுவும் சேர்ந்து செத்துவிடும். அப்படியானால் எதை நம்புவது?

முதலில் நைலான் வலை. ஜன்னல், கதவு எல்லாவற்றிலும் அடித்துவிட்டால் ஈ உள்ளே வராது. ஆனால் தழைக்கட்டைச் சுமந்துகொண்டு நாளுக்கு நாலு தடவை கதவைத் திறக்கிறோம், ஒரு ஈ நுழைய அது போதும். அதனால் வாசலில் ஒரு முன்னறை கட்டாயம் வேண்டும்.

அடுத்தது ஊசிசைடு என்ற மருந்து. இது பட்டுப்புழுவின் மேல் ஒட்டியிருக்கும் முட்டையை மட்டுமே அழிக்கும். முட்டை இரண்டு மூன்று நாளில் பொரிந்துவிடும் என்பதால் ஒருநாள் விட்டு ஒருநாள் தெளிக்க வேண்டும். ஆள் பற்றாக்குறையில் இது பெரும்பாடு.

நெசோலிங்க்ஸ் தைமஸ் என்ற குளவி வேலை செய்யும் இடமே வேறு. கொட்டாது, எறும்பைவிடச் சின்னது. பட்டுப்புழுவைத் தொடாது. ஈயின் புழு தரை வெடிப்பிலும் மண்ணிலும் போய்க் கூட்டுப்புழுவாகக் கிடக்குமே, அதைத் தேடிப்போய் அதன் மேலோட்டைத் துளைத்து உள்ளே முட்டையிடும். ஈ வரவேண்டிய ஓட்டிலிருந்து குளவிகள் கூட்டமாக வெளிவரும். நம் கையோ தெளிப்பானோ எட்டாத இண்டு இடுக்கில் வலையோ மருந்தோ இதைச் செய்யாது. 100 முட்டைத்தொகுதிக்கு (ஒரு தாய் அந்துப்பூச்சி இட்ட முட்டைகள் ஒரு தொகுதி) ஒரு லட்சம் குளவி, பல தவணையாக விடுவது பரிந்துரை.

ஆனால் ஒன்று. இந்த வளர்ப்பில் தாக்கிய ஈயைக் குளவி தடுக்காது, அடுத்த தலைமுறையைத்தான் அறுக்கும். பக்கத்துப் புழு வளர்ப்பு மனைக்காரர் குளவி விடாவிட்டால் அங்கிருந்து ஈ பறந்து வரும். அதனால் வலையைத்தான் முதலில் வைப்பேன், அடுத்தது குளவி. அதையும் நாலைந்து பேர் சேர்ந்து ஒரே சமயத்தில் விட வேண்டும். மருந்து இரண்டுக்கும் துணைதான். கூடு அறுவடையானதும் குளவிகள் அடைத்து வந்த பையைத் தூக்கி எறியாமல் எருக்குழி ஓரம் கட்டிவிடுங்கள். கழிவோடு போன ஈக்கூடுகள் அங்கேதான் கிடக்கின்றன.