மாதவரம் பக்கம் 'காட்டு லில்லி' கிழங்கு வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

சென்னை மாதவரம், மூலக்கடைப் பக்கத்து ரோட்டோர நர்சரி ஒன்றில் 'ஒரிஜினல் காட்டு லில்லி' என்று சொல்லி இலையில்லாத கிழங்குகளை விற்கிறார்கள். பான்கிரேஷியம், நம்ம ஊர்க் காட்டுச் செடி, லேசில் கிடைக்காது என்பது அவர்கள் பேச்சு. மூன்று கிழங்குக்கு 900 ரூபாய் கொடுத்தேன். முளைத்துப் பூத்தது சாதாரண ஸ்பைடர் லில்லி, அதாவது ஹைமனோகாலிஸ். ரோட்டு நடுத் தடுப்பிலும் அபார்ட்மெண்ட் வாசலிலும் கேட்பாரற்று வளர்கிற அதே செடி.

பூவைப் போட்டோ எடுத்துப் போய்க் காட்டினேன். "வெள்ளையா பூத்துச்சா இல்லியா? அப்பறம் இன்னாக்கா?" என்றார் கடைக்காரர். காசைத் திருப்பிக் கேட்டதற்கு, "கிழங்கு செத்திருந்தா குடுத்திருப்பேன். பூத்த செடிக்கு எப்டிக்கா குடுக்கறது?" இதற்கு மேல் என்ன பேச? பில் கிடையாது. ஜிபே போனதும் அவருடைய மச்சான் நம்பருக்கு.

பான்கிரேஷியம், ஹைமனோகாலிஸ் இரண்டும் அமரில்லிடேசியே என்ற ஒரே தாவரக் குடும்பம். இரண்டுக்கும் வெள்ளைப் பூ, நடுவில் சவ்வு மாதிரி ஒரு கிண்ணம், அதன் விளிம்பிலிருந்து ஆறு கேசரங்கள், அதாவது நுனியில் மகரந்தம் தாங்கும் இழைகள். ஏமாற்றுகிறவருக்கு இதைவிட வசதியான ஜோடி கிடைக்காது. ஆனால் ஹைமனோகாலிஸ் அமெரிக்கக் கண்டத்திலிருந்து அழகுக்காக வந்தது. பான்கிரேஷியம் ட்ரைஃப்ளோரம் இந்த மண்ணின் செடி, சோழமண்டலக் கரையில் தாவரங்களைத் தேடித் தொகுத்த வில்லியம் ராக்ஸ்பர்க் பெயர் வைத்தது.

பூ இருந்தால் கிண்ணத்தின் விளிம்பைப் பாருங்கள். பான்கிரேஷியத்தில் இரண்டு கேசரங்களுக்கு நடுவே விளிம்பு பல் பல்லாக வெட்டியிருக்கும், கேசரக் காம்பு குட்டையாக நிற்கும். ஹைமனோகாலிஸில் அந்தக் காம்பு கிண்ணத்தைத் தாண்டி நீளமாக வெளியே விரியும், நுனிப் பக்கம் பச்சை தட்டும். இதழும் அப்படித்தான்: ஹைமனோகாலிஸுக்கு நாடா மாதிரி ஒல்லியாகத் தொங்கும், பான்கிரேஷியத்துக்கு அகலம் அதிகம். ஹைமனோகாலிஸ் பூவுக்குக் கீழே உள்ள பச்சைக் குழல் ஒரு சாண் அளவுக்குக்கூட வரும். காம்பில் ஒரே ஒரு பூ நின்றால் அது பெரும்பாலும் பான்கிரேஷியம் ஜெய்லானிக்கம். அதுவும் காட்டுச் செடிதான், அது கிடைத்தால் சண்டை போட வேண்டாம்.

காய்த்திருந்தால் இன்னும் சுலபம். பான்கிரேஷிய விதை கறுப்பு, கோணல் மாணலாகக் காய்ந்திருக்கும். ஹைமனோகாலிஸ் விதை பச்சையாக, சதையோடு, பெரிதாக இருக்கும்.

வெறும் கிழங்கை வைத்து முடிவு செய்யவே முடியாது. பான்கிரேஷியக் கிழங்கு சின்னது என்பது உண்மைதான். ஆனால் ஹைமனோகாலிஸின் பக்கக் கிழங்கும் சின்னதுதான், இவர்கள் விற்பதே அதைத்தான். தொட்டியில் பச்சை இலையோடு மே மாதமும் தளதளவென்று நின்றால் சந்தேகப்படுங்கள். காட்டுச் செடி கோடையில் இலையை உதிர்த்துவிட்டு மண்ணுக்குள் கிடக்கும், முதல் மழைக்குத்தான் எழுந்து பூக்கும். பூவையோ விதையையோ காட்டச் சொல்லுங்கள், மழுப்பினால் நடையைக் கட்டுங்கள். அப்படியே நிஜமான பான்கிரேஷியமாக இருந்தாலும், எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். புறம்போக்கில் தோண்டி எடுத்து வந்ததாக இருந்தால் நான் வாங்க மாட்டேன்.

900 ரூபாய் போனது போகட்டும். நான் நின்றிருக்கும்போதே கால் ஆணிக்கு மருந்து தேடி வந்த ஒரு பெரியவருக்குக் கடைக்காரர் அதே லில்லிக் கிழங்குக் கூடையிலிருந்து ஒன்றை எடுத்து, 'நரி வெங்காயம், சுட்டுக் கட்டுங்க' என்று நீட்டினார். நரி வெங்காயம் முற்றிலும் வேறு செடி, இதயத்தைப் பாதிக்கும் நஞ்சு உள்ளது. கூடையில் இருந்த லில்லிக் கிழங்கிலும் லைக்கோரின் என்ற நஞ்சு உண்டு, வாயில் போனால் வாந்தி எடுக்க வைக்கும். இரண்டுமே பார்ப்பதற்கு வெங்காயம் மாதிரிதான் இருக்கும். அந்தக் கடையில் எதையாவது வாங்கி வைத்திருந்தால் சமையலறைப் பக்கம் வைக்காதீர்கள், குழந்தைக்கும் நாய்க்கும் எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள்.