மாவட்ட நீதிமன்றப் பதிவறையில் வழக்கேட்டுப் பிரதி பெறும் சேவை: ஒரு மதிப்பீடு

எங்கள் சின்னம்மா குடியிருக்கும் வளவு, தாத்தா கடை வைத்திருந்த காலத்தில் நகர எல்லையில் மூன்று பங்காளிகளோடு சேர்ந்து வாங்கிய காணியின் ஒரு துண்டு. அந்தக் காணி 1984 ஆம் ஆண்டில் தொடுக்கப்பட்ட பாகப்பிரிவினை வழக்கொன்றின் மூலம் பிரிக்கப்பட்டது. வீட்டைத் திருத்துவதற்குக் கடன் கேட்டுப் போனபோது, இறுதித் தீர்ப்பாணையின் உறுதிப்படுத்தப்பட்ட பிரதியையும் அதனோடு சேர்ந்த நில அளவை வரைபடத்தின் பிரதியையும் கொண்டுவரும்படி வங்கியின் சட்டத்தரணி கூறினார். வீட்டில் இருந்த ஒரே பிரதி, கூரை ஒழுக்கில் ஊறி எழுத்துக் கரைந்து, ஒன்றோடொன்று ஒட்டிய தாள்களாகத் தகரப் பெட்டிக்குள் கிடந்தது. சின்னம்மாவால் படியேற முடியாது. ஆகவே அவருடைய அத்தாட்சிக் கடிதத்துடன் நானே இலங்கையின் மலையக நகரொன்றின் மாவட்ட நீதிமன்றப் பதிவறைக்கு நான்கு தடவைகள் சென்று வந்தேன். நகரின் பெயரை எழுதப் போவதில்லை. நான் கண்ட குறைகள் அங்கிருந்த ஊழியர்களின் குறைகள் என்று எனக்குத் தோன்றவில்லை.

முதலில் உரிமையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் கருமபீடத்தின் முன் நிற்பவர்களிற் பெரும்பாலோர் ஏதோ சலுகை கேட்க வந்தவர்களைப் போலவே நிற்கிறார்கள். நீதிமன்ற அமர்வுகள் பகிரங்கமாக நடைபெற வேண்டும் என்றும், அவற்றில் எவரும் தாராளமாகச் சென்று அமரலாம் என்றும் 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பின் 106 ஆம் உறுப்புரை கூறுகிறது. குடும்ப உறவுகள், பாலியல் விடயங்கள், தேசிய பாதுகாப்பு போன்றவற்றில் மட்டும் நீதிபதி கதவை அடைக்கலாம். ஆனால் திறந்த மன்றம் என்பது திறந்த அலுமாரி ஆகிவிடாது. பொது ஆவணமொன்றைப் பார்வையிடும் உரிமை உள்ளவருக்கு, உரிய கட்டணத்தைப் பெற்றுக்கொண்டு, அடியில் உண்மைப் பிரதி எனச் சான்று எழுதி, அதன் பிரதியை வழங்க வேண்டும் என்று 1895 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 76 ஆம் பிரிவு சொல்கிறது. வழக்கின் தரப்பினருக்கும் அவர்தம் உரித்தாளர்களுக்கும் இவ்வுரிமை பற்றிக் கேள்வி எழுவதில்லை. தரப்பினரல்லாத ஒருவர், தமக்குள்ள அக்கறை என்ன என்பதைக் காட்டி, சட்டத்தரணி ஒருவர் ஊடாகப் பிரேரணை எனும் எழுத்துமூலக் கோரிக்கையைத் தாக்கல் செய்து நீதிபதியின் அனுமதியைப் பெறுவதே வழமை.

இனி, இந்தச் சேவையின் மிகப் பெரிய குறைக்கு வருகிறேன். பதிவறையின் வாசலைத் திறக்கும் சாவி வழக்கிலக்கம் ஒன்றுதான். பெயரைச் சொன்னால் அங்கே எவரும் எதையும் தேடித் தர முடியாது. என் முதற் பயணம் முழுவதும் இதைக் கற்றுக்கொள்வதிலேயே கழிந்தது. தாத்தாவின் பெயரையும் காணியின் பெயரையும் வருடத்தையும் எழுதிக் கொடுத்தேன். இலிகிதர் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, “நம்பர் இல்லாம நான் எங்கங்க தேடுறது? எண்பத்திநாலுல மட்டும் எத்தனை கட்டு இருக்குனு நீங்களே வந்து பாருங்க” என்றார். உண்மையாகவே உள்ளே அழைத்துக் காட்டினார். தரையிலிருந்து முகடு வரை இரும்புத் தட்டுகள். சணல் கயிற்றால் கட்டிய வழக்கேடுகள். சன்னலோரத்துக் கட்டுகளில் பனியின் ஈரம் ஏறிப் பூஞ்சணம் பிடித்திருந்தது. அதற்குப் பின் அவர்மீது எனக்குக் கோபம் வரவில்லை.

வழக்கிலக்கம் எண்ணோடு மட்டும் முடிவதில்லை. காணி உரித்து வழக்குக்கு ‘எல்’, பாகப்பிரிவினைக்குப் ‘பி’, பணக் கோரிக்கைக்கு ‘எம்’, விவாகரத்துக்கு ‘டி’, இறந்தவரின் சொத்தைப் பற்றிய மரண சாதன வழக்குக்கு ‘ரீ’ என்று இலக்கத்துடன் ஆங்கில எழுத்தொன்று சேர்ந்திருக்கும். பழைய ரசீதிலோ சட்டத்தரணியின் கடிதத்திலோ இலக்கத்தைக் கண்டு அந்த எழுத்தை விட்டுவிட்டுக் குறித்துக்கொண்டு போனால், அதே எண்ணுடைய வேறொருவரின் வழக்கேடு உங்கள் முன் வைக்கப்படக்கூடும்.

எங்களிடம் ரசீதும் இல்லை, கடிதமும் இல்லை. வழி காட்டியவர் நகரத்தில் காணி உறுதிகள் எழுதும் வயதான நொத்தாரிசு ஒருவர். பாகப்பிரிவினை வழக்கென்றால் காணிப் பதிவகத்துக்குப் போ என்றார். 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கப் பாகப்பிரிவினைச் சட்டத்தின்படி, வழக்குத் தொடுக்கப்படும்போதே அது நிலுவையில் உள்ளது என்ற அறிவித்தல் காணிப் பதிவகத்தில் பதியப்பட வேண்டும். ஆகவே காணியின் பதிவேட்டுப் பக்கத்தில் நீதிமன்றத்தின் பெயரும் வழக்கிலக்கமும் இருந்தே தீரும். பழைய உறுதியின் பின்புறத்தில் இருந்த பதிவு முத்திரையைக் கொண்டு பதிவேட்டின் தொகுதியையும் பக்கத்தையும் கண்டுபிடித்து, தேடுதற் கட்டணத்தைச் செலுத்தி, அரை மணி நேரத்துக்குள் இலக்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டேன். நீதிமன்றத்துக்குரிய விடையை வேறொரு திணைக்களத்தின் புத்தகத்தில் போய் எடுப்பது விந்தைதான். எனினும் இந்த மதிப்பீட்டிலிருந்து வாசகர் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதையே வைத்துக்கொள்ளட்டும். காணி வழக்குக்கு நீதிமன்றத்துக்கு முன் காணிப் பதிவகம்.

அமெரிக்காவில் இருக்கும் என் மைத்துனர் இதைக் கேட்டுச் சிரித்தார். அங்கே கவுண்டி நீதிமன்றக் கிளார்க்கின் அலுவலகங்கள் பலவற்றில் தரப்பினரின் பெயரைத் தட்டச்சு செய்தே வழக்கைத் தேடலாம் என்றார். அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றங்களின் ஏடுகள் பேசர் எனும் இணையச் சேவையில் பக்கத்துக்குப் பத்து அமெரிக்கச் சதம் என்ற கட்டணத்தில் கிடைக்கின்றன. இங்குள்ள கட்டணம் அதைவிடப் பாரமானதன்று. எனக்குப் பேருந்துக்குச் செலவானது பிரதிகளுக்குச் செலவானதை விட அதிகம். குறை விலையில் இல்லை, பெயர் அட்டவணை இல்லாமையிலேயே இருக்கிறது.

இரண்டாவது பயணத்தில் விண்ணப்பம் கொடுத்தேன். சின்னம்மாவின் கடிதம், அவருடைய தேசிய அடையாள அட்டையின் பிரதி, தாத்தாவின் மரணச் சான்றிதழ், தாத்தாவுக்கும் சின்னம்மாவுக்கும் உள்ள உறவைக் காட்டும் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றைக் கேட்டார்கள். எல்லாவற்றையும் கொண்டு போயிருந்தேன். ஆனால் தோட்டத்துப் பிறப்புச் சான்றிதழில் தாத்தாவின் பெயர் ஒரு விதமாகவும் மரணச் சான்றிதழில் வேறு விதமாகவும் எழுதப்பட்டிருந்தது. மலையகத்தில் இது எந்த வீட்டிலும் உள்ள சங்கதி. பெயர் கேட்டு எழுதியவர் தமிழ் தெரியாத இலிகிதராக இருந்தால், முத்துசாமி முத்துஸ்வாமியாகி, மூன்றாம் இடத்தில் முத்துவாக மட்டும் நின்றுவிடுவார். இருவரும் ஒருவரே என்ற சத்தியக் கடதாசியைச் சமாதான நீதவான் ஒருவர் முன்னிலையில் முடித்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. அதை முதலிலேயே செய்து வைத்துக்கொண்டு போவது ஒரு நாளை மிச்சப்படுத்தும்.

எதைக் கேட்கிறோம் என்பதைச் சரியாக எழுதுவது அடுத்த முக்கியமான காரியம். ‘தீர்ப்பின் பிரதி’ என்று மொட்டையாக எழுதினால் அவர்களுக்குக் கையில் கிடைப்பது எதுவோ அதையே தருவார்கள். பாகப்பிரிவினை வழக்கில் யார் யாருக்கு எத்தனை பங்கு என்று தீர்மானிக்கும் இடைக்காலத் தீர்ப்பாணை ஒன்றும், நில அளவையாளர் பிரித்துக் காட்டிய துண்டுகளை உறுதி செய்யும் இறுதித் தீர்ப்பாணை ஒன்றும் உண்டு. வங்கிக்கு வேண்டியது பின்னது. விவாகரத்தில் இந்தத் தவறு இன்னும் பாரதூரமானது. முதலில் வழங்கப்படும் நிபந்தனைத் தீர்ப்பாணை குறைந்தது மூன்று மாதங்கள் கழிந்த பின்னரே முற்றான தீர்ப்பாணையாக்கப்படும். என் முன்னால் வரிசையில் நின்ற பெண் ஒருவர், வெளிநாடு செல்லும் விண்ணப்பத்துக்காக முந்தைய வாரம் எடுத்துச் சென்றது நிபந்தனைத் தீர்ப்பாணை என்று திருப்பி அனுப்பப்பட்டிருந்தார். கருமபீடத்தில் இதைச் சொல்லித் தருவதற்கு ஓர் அறிவித்தற் பலகை போதும், அது இல்லை.

பிரதியெடுக்கும் வேகத்தைப் பற்றிக் குறை கூற மாட்டேன். ஏடு கிடைத்த பின் தீர்ப்பாணை ஒரு வாரத்துக்குள் பதிவாளரின் கையொப்பத்துடனும் முத்திரையுடனும் தயாராகிவிட்டது. செலுத்திய ஒவ்வொரு ரூபாவுக்கும் ரசீது தந்தார்கள். வரைபடம்தான் இழுபட்டது. அது சாதாரணப் பிரதி இயந்திரத்தின் கண்ணாடியில் அடங்காத பெரிய தாள். ஏட்டை வெளியே கொண்டு போகவும் விட மாட்டார்கள், விடாததும் நியாயமே. துண்டு துண்டாகப் பிரதியெடுத்து ஒட்டியதை வங்கி ஏற்கவில்லை. மேன்முறையீடு செய்யப்பட்ட வழக்கானால் வேறொரு சிக்கலும் உண்டு: மூல ஏடே மேலுள்ள நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டுவிடும், இங்கே தேடுவது வீண். எங்கள் வழக்கில் மேன்முறையீடு இல்லை.

மொழி விடயத்தில் என் மதிப்பீடு கடுமையானது. ஏட்டின் முதற் சில ஆவணங்கள், பழைய உறுதிகளின் பிரதிகள் என்பதால், ஆங்கிலத்தில் இருந்தன. வழக்கு நடவடிக்கைக் குறிப்புகளும் தீர்ப்பாணையும் சிங்களத்தில், பெரும்பகுதி கையெழுத்தில் இருந்தன. எனக்குச் சிங்களம் பேச வரும். நீதிமன்றச் சிங்களத்தின் கையெழுத்தை வாசிக்க வராது. சின்னம்மாவுக்கோ தம் தகப்பனாரின் காணி எப்படிப் பிரிந்தது என்பதைச் சொல்லும் தாளில் ஓர் எழுத்தும் தெரியாது. வெளியே உள்ள சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்களின் பெயர்களைக் கருமபீடத்தில் எழுதித் தந்தார்கள். உதவும் மனதோடுதான் தந்தார்கள். ஆனால் அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரையின் மூன்றாம் பந்தி, நீதிமன்றம் பயன்படுத்தும் மொழி தெரியாத தரப்பினர் ஒருவர், தாம் சட்டப்படி பெறத்தக்க ஏட்டின் பகுதியையோ அதன் மொழிபெயர்ப்பையோ சிங்களத்தில் அல்லது தமிழில் பெற உரித்துடையவர் என்கிறது. அதே பந்தி, வழக்கை விளங்கிப் பங்குபற்றுவதற்கான மொழிபெயர்ப்பை அரசே வழங்க வேண்டும் என்றும் கூறுகிறது. நுவரெலியா மாவட்டத்திலும் பதுளை மாவட்டத்திலும் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இரு மொழியிலும் நிர்வாகம் நடத்த வேண்டியவை எனப் பிரகடனம் செய்யப்பட்டவை. ஆனால் பிரதேச செயலகத்தில் தமிழ்ப் படிவம் கேட்டு வாங்கும் நம்மவர்கள், நீதிமன்றத்தில் அதே கேள்வியைக் கேட்கக் கூசுகிறார்கள். நானும் முதல் இரண்டு பயணங்களில் கூசினேன். மூன்றாவது பயணத்தில், உறுப்புரையின் இலக்கத்தைக் குறிப்பிட்டு, தமிழ் மொழிபெயர்ப்புக் கோரிப் பதிவாளருக்குத் தனி விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். அதை எவரும் மறுக்கவில்லை. “இப்படி யாரும் எழுதிக் கேக்கிறதில்ல தம்பி” என்று சொல்லி, திகதி முத்திரை குத்தி, என் பிரதியிலும் ஒப்பமிட்டுத் தந்தார் இலிகிதர்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் கொண்டு இதையெல்லாம் சுருக்கமாக முடித்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கமான அச்சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் பகிரங்க அதிகாரசபை என்ற வரைவிலக்கணத்துள் நீதிமன்றங்களும் அடங்குகின்றன. ஆயினும் வழக்கேட்டின் பிரதிக்கு நீதிமன்றத்தின் சொந்த நடைமுறையே நேர்வழி. கட்டண விபரம், மொழிபெயர்ப்பாளர் பதவிகளின் நிலை போன்ற நிர்வாகத் தகவல்களுக்கு அச்சட்டம் பொருத்தமானது.

இணையத்தில் கிடைப்பவை மேல் மட்டத்துத் தீர்ப்புகளே. உயர் நீதிமன்றத்தினதும் மேன்முறையீட்டு நீதிமன்றத்தினதும் இணையத்தளங்களில் அண்மைக்காலத் தீர்ப்புகளை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பழையவற்றுக்குச் சட்ட அறிக்கைத் தொகுதிகள் இருக்கின்றன. மடுல்கலைப் பக்கத்து ரெலுகஸ் தோட்டத்தில் தேயிலைத் தொழில் பழக வந்து, தொழிலாளர் பக்கம் நின்று பேசியதற்காக நாடுகடத்த உத்தரவிடப்பட்ட பிரேஸ்கேர்டில் என்ற வெள்ளையரை 1937 இல் விடுவித்த தீர்ப்பைப் ‘புதிய சட்ட அறிக்கைகள்’ (நியூ லோ ரிப்போர்ட்ஸ்) என்ற தொடரின் 39 ஆம் தொகுதியில் எவரும் வாசிக்கலாம். தொண்ணூறு ஆண்டுகளை நெருங்கும் அந்தத் தீர்ப்பை என்னால் வீட்டிலிருந்தே வாசிக்க முடிகிறது. 1984 இல் எங்கள் தாத்தாவின் பெயரில் நடந்த வழக்குக்கு மட்டும் நான்கு முறை மலையேறி இறங்க வேண்டியிருக்கிறது. தோட்டத் தொழிலாளரின் பணிநீக்க வழக்குகள் தொழில் நியாய சபைகளின் ஏடுகளில் இருப்பவை என்பதால், அவற்றை மாவட்ட நீதிமன்றத்தில் தேடுவோர் வெறுங்கையோடு திரும்புவர்.

செல்ல விரும்புவோர் காலை வேளையைத் தவிர்ப்பது நல்லது. அன்றைய வழக்குகளின் ஏடுகளோடு ஊழியர்களும் மன்றுக்குள் போய்விடுவார்கள். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நீதிமன்ற விடுமுறையையும் கணக்கிலெடுக்க வேண்டும். சட்டத்தரணிக்குப் பணமில்லாதவர்கள் 1978 ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்தை நாடலாம்.

நான்காவது பயணத்தில் பெரிய தாளைப் பிரதியெடுக்கும் வசதியுள்ள கடையொன்றுக்கு, நீதிமன்ற ஊழியர் ஒருவர் கூடவே வர, நீதிபதியின் அனுமதியுடன் வரைபடம் கொண்டு செல்லப்பட்டது. அன்று மாலையே அது கையொப்பமாகி எங்களிடம் வந்தது. தமிழ் மொழிபெயர்ப்புக்குத் தைப்பொங்கல் கழிந்து வரச் சொல்லியிருக்கிறார்கள். திகதி முத்திரையிட்ட விண்ணப்பப் பிரதியைச் சின்னம்மா புதிய தகரப் பெட்டியில், பொலித்தீன் உறைக்குள் வைத்திருக்கிறார்.