மழை, சேறு, குளிர்: எந்தக் கையடக்க ஜிபிஎஸ் தாக்குப்பிடிக்கும்?

கையடக்க ஜிபிஎஸ் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் திரை எத்தனை அங்குலம், வரைபடம் எப்படி இருக்கிறது என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். காட்டிலும் மலையிலும் பல வருடம் உழைக்க வேண்டிய கருவி என்றால் நான் பார்ப்பது வேறு. அதில் எத்தனை திறப்புகள் இருக்கின்றன, எது கெட்டால் வழியிலேயே நாமே சரிசெய்ய முடியும்? உள்ளே இருக்கும் சிப்பும் ஆன்டெனாவும் லேசில் சாவதில்லை. பேட்டரி மூடி, யூஎஸ்பி துளையை மூடும் ரப்பர், பொத்தான்களின் மேல் உறை, இவைதான் முதலில் போகும்.

போட்டிக்கு நான்கு பேரை எடுத்துக்கொள்கிறேன். கார்மினின் சின்ன ஈட்ரெக்ஸ் (32எக்ஸ், எஸ்இ இரண்டும்), தலையில் கொம்பு மாதிரி ஆன்டெனா நீட்டிக்கொண்டிருக்கும் ஜிபிஎஸ்மேப் (65எஸ், 67), 5 அங்குல டச் ஸ்கிரீன் வைத்த மொன்டானா 700, நாலாவதாக முரட்டு உறையோடு வரும் 'ரக்டு' ரக போன். மூன்று கருவிகளும் ஒரே கம்பெனியா என்று கேட்பீர்கள். மெகல்லன், லாரன்ஸ், டிலோர்ம் எல்லாம் ஒரு காலத்தில் இந்தக் களத்தில் இருந்தவைதான். டிலோர்மை 2016-இல் கார்மினே வாங்கிவிட்டது. இன்று புதிதாக வாங்கப் போனால் போட்டி பெரும்பாலும் ஒரே வீட்டுப் பிள்ளைகளுக்குள்தான்.

பெட்டியில் அச்சடித்திருக்கும் உறுதிமொழிகளை முதலில் பார்த்துவிடலாம். ஐபிஎக்ஸ்7 என்றால் 1 மீட்டர் ஆழ நன்னீரில் 30 நிமிடம் கிடந்தாலும் கெடுதல் வராது என்று பொருள். தண்ணீர் அசையாமல் இருக்க வேண்டும். கடல் நீருக்கு இது பொருந்தாது. நடுவில் இருக்கும் 'எக்ஸ்' தூசியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்பதற்கான அடையாளம். பீய்ச்சி அடிக்கும் தண்ணீருக்கு 5, 6 என்று தனிச் சோதனைகள் உண்டு. 7-இல் தேறிய கருவி அவற்றிலும் தேறியிருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதனால் சேறு அப்பிய கருவியைக் குழாயில் பீய்ச்சிக் கழுவாமல், வாளித் தண்ணீரில் முக்கி விரலால் தேய்த்து எடுப்பதே நல்லது. இன்னொன்று, வெயிலில் சூடேறிய கருவியை அப்படியே குளிர்ந்த ஓடையில் முக்காதீர்கள். உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கும். அழுத்தம் குறைந்து, பழசாகிப்போன ரப்பர் ஓரம் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துவிடும். ஒரு மீட்டர் ஆழம் தேவையே இல்லை, ஒரு சாண் தண்ணீர் போதும்.

அடுத்தது எம்ஐஎல்-எஸ்டிடி-810. அமெரிக்க ராணுவத்தின் சோதனைமுறைத் தொகுப்பு இது. மொன்டானா 700, ஜிபிஎஸ்மேப் 67 இரண்டும் இதைச் சொல்லிக்கொள்கின்றன, ரக்டு போன்களும் சொல்லிக்கொள்கின்றன. பரவலாகச் செய்யப்படும் விழுச்சோதனையில் 122 செ.மீ. உயரத்திலிருந்து 26 தடவை போட வேண்டும். ஆனால் அந்த 26 விழுதல்களை ஐந்து கருவிகள் வரை பங்கிட்டுக்கொள்ள அனுமதி உண்டு. விழும் தரையோ கான்கிரீட்டின் மேல் போட்ட பிளைவுட். கூரான பாறை இல்லை. தொகுப்பில் உள்ள எந்தெந்தச் சோதனைகளைச் செய்வது என்பதும் தயாரிப்பாளர் விருப்பம். சான்றிதழ் கொடுக்க ராணுவ அலுவலகம் எதுவும் கிடையாது. இந்த எண் போட்டிருப்பதில் தப்பில்லை, அதை மட்டும் நம்பி இரண்டு கருவிகளுக்கு நடுவே முடிவு எடுக்க முடியாது, அவ்வளவுதான்.

சரி, களத்துக்கு வருவோம். மழையில் முதலில் தோற்பது டச் ஸ்கிரீன். மின்தேக்க முறையில் வேலை செய்யும் திரைக்கு விரலும் நீர்த்துளியும் ஏறக்குறைய ஒன்றுதான். துளி விழுந்த இடத்தில் வரைபடம் தானாக நகரும், பெரிதாகும், வேறு பக்கம் திறக்கும். மொன்டானாவின் திரையைக் கையுறையோடு இயக்கலாம் என்பதால் அது போனைவிடப் பரவாயில்லை. அடைமழையில் இரண்டுமே எரிச்சல்தான். ஜிபிஎஸ்மேப்பில் திரைக்குக் கீழே திசைப் பலகையும் தனித்தனிப் பொத்தான்களும் இருக்கின்றன. தடித்த கையுறை போட்டுக்கொண்டு, திரையைப் பார்க்காமலேயே அழுத்திப் பழகிவிடலாம். ஈட்ரெக்ஸ் 32எக்ஸில் பக்கவாட்டில் சில பொத்தான்கள், முகப்பில் ஒரு குட்டி ஜாய்ஸ்டிக். எனக்கு அந்த ஜாய்ஸ்டிக்தான் உறுத்துகிறது. எந்தத் தேர்வும் அதன் வழியாகத்தான் நடக்க வேண்டும், அதைச் சுற்றித்தான் சேறும் சேரும். அந்த ஒரு குச்சி மக்கர் செய்தால் கருவியே பாதி செத்த மாதிரி.

வெயிலில் கதை வேறு. கையடக்கக் கருவிகளின் திரை வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் வகை, வெயில் ஏற ஏறத் தெளிவாகும், பின்விளக்கே தேவையில்லை. போன் திரை தன் விளக்கை நம்பியே வெயிலோடு மல்லுக்கட்ட வேண்டும். அதற்குள் சூடு ஏறிவிட்டால் தானாகவே மங்கிவிடும். ஐபோனுக்கு ஆப்பிள் சொல்லும் இயக்க வெப்பநிலை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரைதான். ஜிபிஎஸ்மேப் 67-க்குக் கீழ் எல்லை மைனஸ் 20, மேல் எல்லை 60.

இனி பேட்டரி. ஆயுள் என்ற பேச்சில் பாதி இங்கேதான் தீர்மானமாகிறது. ஈட்ரெக்ஸ் 32எக்ஸ், எஸ்இ, ஜிபிஎஸ்மேப் 65எஸ் மூன்றும் இரண்டு டபுள் ஏ பேட்டரியில் ஓடுபவை. 32எக்ஸ் 25 மணி நேரம், 65எஸ் 16 மணி நேரம், கறுப்பு வெள்ளைத் திரை வைத்த எஸ்இ 168 மணி நேரம் என்பது நிறுவனக் கணக்கு. ஜிபிஎஸ்மேப் 67-இல் உள்ளேயே பொதிந்த லித்தியம் அயன், 180 மணி நேரம். காகிதத்தில் 67 எங்கேயோ நிற்கிறது. திறந்து மூட பேட்டரிக் கதவே இல்லாததால் நீர் புகும் வழியும் ஒன்று குறைவு, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் லித்தியம் அயனை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. பனியில் சோலார் பலகையையோ பவர் பேங்கையோ சொருகுவதற்கு முன்னால் கருவியைச் சட்டைக்குள் வைத்துச் சூடேற்ற வேண்டியிருக்கும். அப்புறம், பல வருடம் கழித்து அந்தப் பேட்டரி கொள்ளளவை இழக்கும்போது டபுள் ஏ மாதிரி உருவிப் போட்டு வேறு மாற்ற முடியாது.

டபுள் ஏ என்றால் எல்லாம் சுகம் என்றும் இல்லை. ஆல்கலைன் பேட்டரி குளிரில் படுத்துவிடும், மைனஸ் 20-இல் அதன் கொள்ளளவில் சின்னப் பங்குதான் கையில் வரும். சார்ஜ் செய்ய முடியாத லித்தியம் டபுள் ஏ மைனஸ் 40 வரை இயங்கும், எடையும் குறைவு, கசிவதும் அபூர்வம். குளிர்ப் பிரதேசத்துக்குப் போகிறவர்கள் அதற்கு மேல் யோசிக்க வேண்டாம். ஆனால் எந்த வகை பேட்டரி போட்டாலும் அமைப்புகளில் அந்த வகையைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் மின்னளவு தப்பாகக் காட்டி, இன்னும் ஓடக்கூடிய கருவி பாதி வழியில் அணைந்துவிடும்.

டபுள் ஏ-வில் ஓடும் கருவிகளுக்குப் பெரிய எமன் பாறையும் இல்லை, மழையும் இல்லை, அலமாரி. ஆல்கலைனை உள்ளேயே விட்டுவிட்டு மாதக்கணக்கில் மறந்துவிட்டால் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கசிந்து வரும். திறந்து பார்த்தால் சுருள் வில்லில் வெள்ளைப் பொடி, அதன் ஓரத்தில் செம்பு அரித்த பச்சை. கசிவது காரம் என்பதால் வினிகரில் நனைத்த பஞ்சுக் குச்சியால் வருடினால் நுரைத்துக்கொண்டு கழன்று வரும். பிறகு ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காயவைத்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். வில்லின் முலாமே அரித்துப்போயிருந்தால் பிழைப்பது சந்தேகம்.

சைக்கிள், பைக் கைப்பிடியில் மாட்டுகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை. கரடுமுரடான பாதையில் பேட்டரி ஒரு நொடிக்கும் குறைவாக வில்லைவிட்டு விலகும், கருவி அணைந்துவிடும். தடித்த அட்டைத் துண்டு ஒன்றை மூடிக்கும் பேட்டரிக்கும் நடுவே செருகிச் சமாளிக்கலாம். வண்டியில்தான் அதிகம் பயன்படுத்துவீர்கள் என்றால் 67-ம் மொன்டானாவும் நிம்மதி. மொன்டானாவின் பெரிய திரையும் அங்கேதான் உருப்படியாகப் பயன்படும்.

பிளாஸ்டிக் விஷயத்தில் எல்லாக் கருவிக்கும் ஒரே எதிரி, கொசு விரட்டி. டீட் கலந்த களிம்பைப் பூசிய கையோடு கருவியைப் பிடித்தால் பிளாஸ்டிக் மங்கும், பிசுபிசுக்கும், அச்சடித்த எழுத்து வழுக்கிக்கொண்டு போகும். கார்மின் கையேடே பூச்சி விரட்டியைத் தவிர்க்கச் சொல்கிறது. போனுக்குக் கண்ணாடி முகப்பு என்பதால் அந்த இடத்தில் மட்டும் அதற்குக் கொஞ்சம் மேலான நிலை. ஐபி68 என்ற தூசித் தடுப்பும் அதற்கு உண்டு. ஆனால் நனைந்த சார்ஜிங் துளை காயும்வரை பல போன்கள் சார்ஜ் ஏற்ற மறுக்கும், தொடர்மழை நாட்களில் அது காயவே காயாது.

என் தேர்வு ஜிபிஎஸ்மேப் 65எஸ். 16 மணி நேரம் என்பது குறைவுதான், மாற்று பேட்டரி சுமக்கத்தான் வேண்டும். பொத்தான், டபுள் ஏ இரண்டும் சேர்ந்து கிடைப்பதால் அந்தச் சுமை எனக்குச் சம்மதம். வாரக்கணக்கில் பேட்டரி கிடைக்காத இடங்களுக்குப் போகிறவர்களுக்கு 67. பாதையைப் பதிவுசெய்யவும் திரும்பி வரவும் மட்டும் போதும், கருவிக்குள் வரைபடம் வேண்டாம் என்றால் எஸ்இ-யே தாராளம். ரக்டு போனை வேறு கருவி எதுவும் இல்லாமல் தனியாக நம்பிப் போக வேண்டாம்.

பழைய கருவியை இன்னொருவரிடமிருந்து வாங்குவதாக இருந்தால் உடலை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். பேட்டரி மூடியின் ரப்பர் வளையத்தை நகத்தால் அழுத்திப் பாருங்கள், அமுங்கித் திரும்ப வர வேண்டும். அப்புறம் வெட்டவெளியில் நிறுத்தி, காட்டும் தேதியைப் பாருங்கள். ஜிபிஎஸ் சிக்னல் வாரங்களை 1024 வரை எண்ணிவிட்டு மறுபடி பூஜ்யத்துக்குப் போகும். கடைசியாக 2019 ஏப்ரலில் அப்படி நடந்தது. அதற்குத் தயாராகாத பழைய மென்பொருள் இடத்தைச் சரியாகவே காட்டும், தேதியை மட்டும் கிட்டத்தட்ட இருபது வருடம் பின்னால் காட்டும். அந்த மாடலுக்கு மென்பொருள் புதுப்பிப்பு இன்னும் கிடைக்கிறதா என்று விசாரித்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.