வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு ராத்திரி அந்தத் தெருவில் போய் நில்லுங்கள்: பதினோரு மாதச் சம்பளத்தை இழந்தவள் எழுதுகிறேன்

பதினோரு மாதச் சம்பளம். அட்வான்ஸாகக் கொடுத்தது. திரும்பத் தர முடியாது என்று நேற்று மாலை எழுத்திலேயே அனுப்பிவிட்டார்கள். இரவு முழுக்கத் தூங்கவில்லை. முன்பின்னாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். முதல் வீடு வாங்க அலைகிறவர்கள், அதிலும் கையில் இருப்பதற்குள் அடங்குகிற வீடாகத் தேடுகிறவர்கள், இதை முழுசாகப் படியுங்கள். ஒரு பகுதி பாதுகாப்பானதா என்று எப்படிப் பார்ப்பது என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

பெயரைச் சொல்லப்போவதில்லை. வீடு விற்பவரையும் வாங்குபவரையும் சேர்த்துவைக்கும் இணையதளம் ஒன்று. ஒவ்வொரு வீட்டின் படங்களுக்குக் கீழேயும் 'பகுதிப் பாதுகாப்பு மதிப்பெண்' என்று ஒரு பச்சை வட்டம் போட்டு அதற்குள் ஓர் எண்ணைக் காட்டுவார்கள். நான் பார்த்த வீட்டுக்குப் பத்துக்கு 8.4.

எங்கள் வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். வேலை முடிந்து நான் வந்து சேர இரவு ஒன்பதரை ஆகிவிடும். அதுவரை அம்மா தனியாக இருக்க வேண்டும். அதனால் தளத்தின் சார்பில் வந்த ஏஜென்ட்டிடம் முதல் போனிலேயே சொல்லிவிட்டேன்: வீடு சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, பழசாக இருந்தாலும் பரவாயில்லை, நான் ராத்திரி பயமில்லாமல் நடந்து வர வேண்டும், அம்மா கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாக இருக்க வேண்டும். இதைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை.

இரண்டு முறை வீட்டைக் காட்டினார். இரண்டும் ஞாயிற்றுக்கிழமை, இரண்டும் காலை பதினொரு மணி. வேலை நாளில் மாலை வருகிறேன் என்று நான் கேட்டபோது, "சாவி ஓனர்கிட்ட இருக்கு மேடம், அவர் ஞாயித்துக்கிழமைதான் ஃப்ரீ" என்றார். எனக்குச் சந்தேகம் வரவில்லை. தெருவில் இரண்டு பிள்ளைகள் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். முன் அறையில் நல்ல வெயில். அம்மா ஜன்னலோரம் நின்று, இங்கே நாற்காலி போட்டுக்கொள்ளலாம் என்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

பின்கதவின் நிலையில் பூட்டு பதித்த இடத்துக்கு மேலேயும் கீழேயும் சின்னச் சின்ன ஓட்டைகளைப் பட்டி வைத்து அடைத்துப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். பூட்டு மட்டும் புத்தம் புதுசு. கேட்டேன். "பழைய வீடுன்னா பூட்டு மாத்திக்கிட்டேதான் மேடம் இருப்பாங்க" என்று சொல்லி மொட்டைமாடிக்குக் கூட்டிப் போய்விட்டார். அந்தக் கதவை அன்றைக்கே ஒரு படம் எடுத்து வைத்திருந்தேன். இப்போது பெரிதாக்கிப் பார்க்கிறேன். திருகாணி ஓட்டைகள் மூன்று வரிசை. மூன்று பூட்டுகள் இருந்த இடம். மரம் பிளந்து, ஒட்டுப் போட்ட கோடு தாழ்ப்பாள் வரை இறங்கியிருக்கிறது. கடப்பாரையோ வேறு எதுவோ வைத்து நெம்பினால்தான் மரம் அப்படிப் பிளக்கும்.

மாடியில் வைத்துத்தான் நான் ஏமாந்தேன். அந்த நிமிடத்தைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன். ராத்திரி எப்படி இருக்கும் என்று மறுபடியும் கேட்டேன். குரலைத் தாழ்த்தி, சொந்தக்காரர் பேசுவது போலப் பேசினார்:

"மேடம், மார்க்கை விடுங்க. என் தங்கச்சிக்கு இதே தெருவுல நாலாவது வீட்டை நான்தான் முடிச்சுக் கொடுத்தேன். அவளும் வேலைக்குப் போயிட்டு ராத்திரி தனியாத்தான் வர்றா. கூடப் பொறந்தவளை ஆபத்தான இடத்துல குடி வைப்பேனா?"

கை நீட்டி நான்காவது வீட்டைக் காட்டவும் செய்தார். நீல நிறக் கதவு. அம்மா என்னைப் பார்த்துத் தலையாட்டினார். ஒருவர் தங்கையைச் சொல்லிச் சத்தியம் செய்வது போலப் பேசும்போது அதற்கு மேல் என்ன கேட்பது? போய்க் கதவைத் தட்டியிருக்கலாம். அரை நிமிட நடை. தட்டவில்லை.

"வேற ரெண்டு பார்ட்டி ரெடியா இருக்காங்க" என்று அன்று மாலையே போன். மறுநாள் அட்வான்ஸ் போட்டேன். பதினோரு மாதச் சம்பளம். அதைச் சேர்க்க எனக்கு ஏழு வருடம் ஆனது.

ஒரு வாரம் கழித்து, செவ்வாய்க்கிழமை, வேலை முடிந்து நேராக அந்தத் தெருவுக்குப் போனேன். வேலையிலிருந்து வர எவ்வளவு நேரம் ஆகும் என்று பார்க்கத்தான் போனேன், சந்தேகப்பட்டுப் போகவில்லை. பஸ் நிறுத்தத்திலிருந்து ஒன்பது நிமிட நடை. தெருவில் ஆறு விளக்குக் கம்பங்கள், எரிந்தது இரண்டு. ஒரு பக்கம் முழுக்க மூடிக் கிடக்கும் கிடங்கின் மதில், ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. பகலில் அது வெறும் சுவராகத்தான் தெரிந்தது. ராத்திரியில், அந்தப் பக்கம் கத்தினால் கேட்க ஆளில்லை என்று புரிந்தது. தெரு முனையில் வண்டிகளை நிறுத்திக்கொண்டு ஏழெட்டுப் பேர். நான் கிட்டே போனதும் பேச்சு நின்றது. ஒருவன் வண்டியைக் கிளப்பி, என் நடைக்கு ஈடாக மெதுவாக உருட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தான். நான் அம்மாவுக்கு போன் போட்டு, சும்மா எதையோ பேசிக்கொண்டே நடந்தேன்.

நீலக் கதவுக்குத்தான் ஓடினேன். தங்கை இருக்கிறாளே என்று. வெளியே பூட்டு. பூட்டின் மேல் தூசு, விரல் வைத்தால் தடம் பதியும் அளவுக்கு. அடுத்த வீட்டைத் தட்டினேன். ஒரு வயதான அம்மா உள்கதவை மட்டும் திறந்தார், இரும்பு கேட்டைத் திறக்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றே பேசினார்.

"தங்கச்சியா? அந்த வீட்டுல ரெண்டு வருஷமா யாரும் இல்லையேம்மா."

நான் வாங்கப்போகும் வீட்டைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.

"அந்த வீட்டைப் பின்பக்கமா மூணு தடவை உடைச்சுட்டாங்கம்மா. அதுல ரெண்டு ஒரே மாசத்துல. முதல் தடவை போலீஸ்ல எழுதிக் கொடுத்தாங்க. அப்புறம் யாரு போறா? உனக்கு முன்னாடியும் ரெண்டு பேர் அட்வான்ஸ் கொடுத்துட்டு, இங்க வந்து பாத்துட்டு வேணாம்னு போயிட்டாங்க. அந்தக் காசெல்லாம் திரும்பிக் கொடுத்தாங்களா என்னன்னு தெரியலம்மா."

என்னைப் பஸ் நிறுத்தம் வரை கொண்டுவிடத் தன் மகனை அனுப்பினார். அந்தத் தெருவில் இருப்பவர்கள் நல்லவர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் விலை குறைந்த பகுதி என்றாலே மோசமான மனிதர்கள் என்று பேசுகிறவர்கள் இதைப் பிடித்துக்கொள்வார்கள். இரண்டு தெரு தள்ளிப் போனால் ராத்திரி பத்து மணிக்கும் கடை திறந்திருக்கிறது, வாசலில் பெரியவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். விலையும் கிட்டத்தட்ட அதேதான்.

மறுநாள் காலை ஏஜென்ட்டுக்கு போன் செய்தேன். "தங்கச்சி போன மாசம்தான் மாறிப் போனா" என்றார். ரெண்டு வருஷமாக ஆளில்லை என்கிறார்களே என்றேன். "மீட்டிங்ல இருக்கேன் மேடம்." அதோடு சரி. அனுப்பிய செய்திகளுக்கெல்லாம் படித்த அடையாளம் விழுகிறது, பதில் மட்டும் இல்லை.

வாடிக்கையாளர் சேவைக்குப் போனேன். ஒவ்வொரு தடவையும் வேறு ஆள், ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஒருவர், "பாதுகாப்பு என்பது ஒவ்வொருவர் பார்வையைப் பொறுத்தது" என்றார். இன்னொருவர், ஏஜென்ட் தங்கள் ஊழியர் இல்லை, "பங்குதாரர்" என்றார். சட்டைப் பையில் அவர்கள் முத்திரை போட்ட அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு வந்த மனிதர்! மூன்றாவதாகப் பேசியவர் ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பக்கத்தை எடுக்கச் சொன்னார். 'மதிப்பெண் தகவலுக்காக மட்டுமே. வாங்குபவர் மனம் மாறி விலகினால் முன்பணம் திருப்பித் தரப்படாது.' நான் மனம் மாறினேனாம்! என்னிடம் மறைத்தார்கள் என்று எத்தனை முறை சொன்னாலும் அவர்கள் எழுதிக்கொள்வது 'மனமாற்றம்' என்றுதான். மேலதிகாரி இரண்டு வேலை நாளில் கூப்பிடுவார் என்றார்கள். பதினாறு நாள் ஆனது. கூப்பிடவில்லை. நேற்று மாலை அந்தக் கடிதம்தான் வந்தது, புகார் முடித்துவைக்கப்பட்டது என்று. பதினோரு மாதச் சம்பளத்தை நான்கு வரியில் முடித்துவைத்துவிட்டார்கள்.

அந்த 8.4 எப்படி வந்தது என்று விடாமல் கேட்டதில் ஒரு பெண் மட்டும் பதில் சொன்னார். பகுதி முழுவதற்குமான சராசரியாம், பதிவான புகார்களை வைத்துப் போட்டதாம். அதற்கப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். முன்பே படித்திருக்க வேண்டியது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1989 முதல் 2002 வரை 14 வருடக் குற்றப் பதிவுகளைத் தெருத் துண்டு தெருத் துண்டாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள், டேவிட் வைஸ்பர்ட் என்ற ஆய்வாளரும் கூட இருந்தவர்களும். நகரத்தின் மொத்தக் குற்றங்களில் பாதி, 4 முதல் 5 சதவீதத் தெருத் துண்டுகளில்தான் நடந்திருக்கிறது. ஒரு பகுதிக்குள்ளேயே ஒரு தெரு அமைதியாகவும் அடுத்த தெரு மோசமாகவும் இருக்கும். பகுதி முழுவதையும் கூட்டி வகுத்தால் அந்த ஒரு தெரு பச்சை வட்டத்துக்குள் காணாமல் போய்விடும். எனக்குக் காட்டிய எண்ணில் அந்த இரண்டு தெரு தள்ளி இருக்கும் கடையும் வாசல் பெரியவர்களும் இருந்தார்கள், நான் வாங்கப்போன தெரு இல்லை.

பதிவான புகார் என்பதும் அப்படித்தான். அமெரிக்காவில் அரசே வருடா வருடம் வீடு வீடாகக் கேட்டு எடுக்கும் கணக்கில், திருட்டு போன்ற சொத்துக் குற்றங்களில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் போலீஸுக்கே போகிறது. மூன்று முறை உடைத்த வீட்டில் ஒரு முறைதான் எழுதிக் கொடுத்தார்கள் என்று அந்த அம்மா சொன்னாரே, அதே கணக்கு.

உடைத்த வீட்டையே மறுபடி உடைப்பதும் புதிய விஷயம் இல்லையாம். ஒரு முறை திருடியவனுக்கு எந்த வழியாக வரலாம், எப்போது ஆள் இருக்காது என்பதெல்லாம் தெரியும். முதல் திருட்டுக்குப் பிந்தைய வாரங்களில்தான் அந்த வீட்டுக்கு ஆபத்து அதிகம். இங்கிலாந்தின் ராச்டேலில் கிர்க்ஹோல்ட் என்ற குடியிருப்பில் 1980களின் பிற்பாதியில், திருட்டு நடந்த வீடுகளுக்கே முதலில் போய்ப் பூட்டை பலப்படுத்தி, பக்கத்து வீட்டாரைக் கண் வைத்துக்கொள்ளச் சொல்லி, இன்னும் சில மாற்றங்களும் செய்தார்கள். அந்தக் குடியிருப்பு முழுவதிலும் திருட்டு வெகுவாகக் குறைந்தது. அப்படியென்றால் ஒரு வீட்டின் பூட்டு எத்தனை முறை மாறியது என்பது அந்த வீட்டின் சரித்திரம். அந்தச் சரித்திரத்தைத்தான் பட்டி வைத்து அடைத்து, மேலே பெயிண்ட் அடித்து எனக்குக் காட்டினார்கள்.

வக்கீல் ஒருவரைப் பார்த்தேன். தங்கை கதை வாய்ப்பேச்சு, சாட்சி என் அம்மா மட்டும், ஆனாலும் நோட்டீஸ் அனுப்பிப் பார்க்கலாம் என்றார். அதற்கும் பணம் கேட்டிருக்கிறார். நியாயமான தொகைதான், ஆனால் என்னிடம் இப்போது இல்லை.

இன்று காலை அந்த வீடு மறுபடி தளத்தில் ஏறியிருக்கிறது. அதே படங்கள், முன் அறையில் அதே வெயில், மதிப்பெண் 8.6. 'பார்க்கும் நேரம்: ஞாயிறு காலை மட்டும்' என்று போட்டிருக்கிறார்கள். நாலாவதாக யாரோ ஒருவர் அட்வான்ஸ் கொடுக்கப்போகிறார். அதனால்தான் ஆறப்போடாமல் உடனே எழுதுகிறேன்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன். இப்போது அதற்குத் தெம்பில்லை, நினைவுக்கு வருவதை மட்டும் சொல்கிறேன். வேலை நாள் ராத்திரி, நீங்கள் வழக்கமாக வீடு திரும்பும் நேரத்துக்கு, நிறுத்தத்திலிருந்து நடந்து போங்கள், துணையோடு. ஏஜென்ட்டைக் கூட்டிப் போகாதீர்கள். எரிகிற விளக்குகளை எண்ணுங்கள். இரண்டு பக்கமும் மூன்று வீட்டுக் கதவைத் தட்டி, இந்த வீட்டில் முன்பு இருந்தவர்கள் ஏன் போனார்கள் என்று கேளுங்கள். பின்கதவின் நிலையைத் தடவிப் பாருங்கள். யாராவது தன் சொந்தக்காரர் இங்கேதான் இருக்கிறார் என்றால், அப்போதே அந்தக் கதவைத் தட்டுங்கள். சொன்னதையெல்லாம் செய்தியாக எழுதி அனுப்பச் சொல்லுங்கள், மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஒப்பந்தத்தில் 'மனமாற்றம்' என்ற வார்த்தை எங்கே இருக்கிறது என்று முதலில் தேடுங்கள்.

அந்த வீட்டுக்கு இதற்கு முன் அட்வான்ஸ் கொடுத்த இரண்டு பேரில் யாராவது இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள். மூன்று பேரும் சேர்ந்தால் நோட்டீஸ் செலவைப் பிரித்துக்கொள்ளலாம்.