தண்ணீருக்குள் இறக்கும் பச்சை விளக்கு: வாங்கியதும் செய்ததும்

குளத்துக்குள் இறக்குகிற பச்சை எல்.இ.டி. விளக்கு இப்போது ஆன்லைனில் பல பெயர்களில் கிடைக்கிறது. ராத்திரி தூண்டில் போடுகிறவர்கள் வாங்கலாமா என்று கேட்டால், வெளிச்சத்தில் குறையில்லை, வயர்தான் மட்டம் என்று சொல்வேன். அந்தக் காசில் பாதியை வைத்து, போர்வெல் மோட்டார் கடையில் கிடைக்கும் சாமானோடு அதைவிட நாள்பட உழைக்கும் விளக்கை நாமே செய்துவிடலாம். ரெண்டையும் ஒரே குளத்தில் இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

குளம் நாங்குநேரிப் பக்கம். மீன்பாசிக் குத்தகை என் மச்சான் பேரில் இருக்கிறது, அதனால் எங்களை யாரும் கேட்பதில்லை. மற்றவர்கள் குத்தகைதாரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தூண்டில் போடுங்கள். குஞ்சு வாங்கி விட்டவர் அவர்.

வாங்கிய விளக்கு நீளக் குழாய் மாதிரி, நாலு பக்கமும் எல்.இ.டி., ஒரு முனையில் வயர், வயர் கடைசியில் பேட்டரியைக் கவ்வும் சிவப்பு, கறுப்பு கிளிப். புதிதில் நன்றாகவே எரிந்தது. ஒரு மழைக்காலம் கூடத் தாண்டவில்லை. முதலில் ஒரு பக்கம் மங்கியது, அப்புறம் விட்டுவிட்டு எரிந்தது, அப்புறம் நின்றே போனது. குழாயில் விரிசல் கிடையாது, ரப்பர் வளையமும் நல்லபடிதான் இருந்தது. பாளையங்கோட்டையில் எங்கள் வயல் மோட்டாருக்குக் காயில் கட்டித் தரும் வைண்டிங் கடை அண்ணாச்சியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் விளக்கைத் திறந்தே பார்க்கவில்லை. வயரை விளக்கிலிருந்து ரெண்டடி தள்ளி வெட்டி, தோலை உரித்துக் காட்டினார். உள்ளே செம்பு முழுக்கக் களிம்பு.

"லைட்டு சாவல தம்பி, வயரு வழியா தண்ணி குடிச்சிருக்கு" என்றார்.

இந்த விஷயத்தில் தெரிந்துகொள்ள வேண்டியதே அதுதான். வயருக்குள் இருப்பது மெல்லிய செம்பு இழைகளின் கட்டு. கரைக்கல்லில் உரசித் தோலில் எங்கோ ஒரு சின்னக் கீறல் விழுந்தால் போதும். இழைகளுக்கு நடுவே உள்ள சந்தில், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் தண்ணீர் ஏறிப் போய் நேராக எல்.இ.டி. பட்டையில் வயரைப் பற்றவைத்த சால்டரில் நிற்கும். மேலே எத்தனை வளையம் போட்டு மூடினாலும் இதைத் தடுக்காது. நூறடிக்குக் கீழே ஆண்டுக்கணக்கில் தண்ணீரில் கிடக்கும் சப்மெர்சிபிள் மோட்டாரோடு பழகுகிறவர்களுக்கு இது அன்றாடப் பாடம். விளக்கு விற்கிற ஆட்கள்தான் இதைக் கண்டுகொள்வதில்லை.

அதனால் நான் செய்த விளக்கில் முதல் சாமானே கேபிள்தான். போர்வெல்லுக்குப் போடும் தட்டைக் கேபிள், 1.5 சதுர மில்லிமீட்டர், உள்ளே சிவப்பு மஞ்சள் நீலம் என்று மூன்று கோர் (தனித்தனித் தோல் போட்ட வயர்). சிவப்பை பாசிட்டிவ், நீலத்தை நெகட்டிவ் என்று வைத்துக்கொண்டேன், மஞ்சள் சும்மா இருக்கட்டும். தோல் தடிமனாக இருப்பதால் கல்லில் உரசினாலும் தாங்குகிறது. செம்பும் கனம், பத்து மீட்டர் இழுத்தாலும் வோல்டேஜ் அரை வோல்ட் கூட விழுவதில்லை. வாங்கிய விளக்கின் மெல்லிய வயரில் கிட்டத்தட்ட ஒரு வோல்ட் வழியிலேயே போய்விடும்.

எல்.இ.டி. பட்டை வாங்கும்போது கடையில் "தண்ணிக்குள்ளயா? அப்போ வாட்டர்ப்ரூப் எடுத்துக்கோங்க" என்பார்கள். எடுக்காதீர்கள். அதன் மேல் இருப்பது பெரும்பாலும் சிலிகான் பூச்சு. நாம் சுற்றி ஊற்றி மூடப்போகிற எப்பாக்சி ரெசின் (ஊற்றியபின் இறுகிவிடும் பிசின்) சிலிகானில் ஒட்டவே ஒட்டாது. மேலே பூச்சு இல்லாத வெறும் 5050 பட்டை, பச்சை நிறம், 12 வோல்ட் என்று கேளுங்கள். மீட்டருக்கு 60 எல்.இ.டி., 14.4 வாட். மூன்று எல்.இ.டி.க்கு ஒருமுறை கத்தரிக்கோல் அடையாளம் இருக்கும், அந்த இடத்தில் மட்டும்தான் வெட்ட வேண்டும். 25 சென்டிமீட்டராக நாலு துண்டு வெட்டி, முக்கால் இஞ்சு அலுமினியச் சதுரக் குழாயின் நாலு முகத்திலும் ஒட்டினேன். குழாய், அலுமினிய ஜன்னல் செய்கிற பட்டறையில் துண்டாகவே கிடைக்கும். இதை அப்படியே ஒரு கண்ணாடி நிற அக்ரிலிக் குழாய்க்குள் நிறுத்தி, சுற்றியுள்ள இடைவெளியில் தெளிந்த எப்பாக்சி ரெசினை ஊற்ற வேண்டும். 200 மில்லி போதும். சதுரக் குழாயின் ரெண்டு வாயையும் திறந்தே விட்டுவிடுங்கள். குளத்துத் தண்ணீர் நடுவில் புகுந்து சூட்டை எடுத்துப் போகும். அதே காரணத்துக்காக, கரையில் வைத்து வெகுநேரம் எரிய விடாதீர்கள்.

ரெசினை ஒரே தடவையில் ஊற்றினால் அது தனக்குள் சூடேறி விரிசல் விடும். மூன்று தடவையாக ஊற்றி, ஒவ்வொன்றும் இறுகிய பிறகு அடுத்தது. கேபிள் உள்ளே போகும் இடத்தில் மேல்தோலையும் கோர் தோலையும் ரெண்டு சென்டிமீட்டர் உரித்து, செம்பு இழைகளுக்குள் ஈயம் உருகி நிறையும்வரை சால்டர் வையுங்கள். கேபிள் தோலை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்குங்கள். அந்த இடம் முழுவதும் ரெசினுக்குள் புதைய வேண்டும். எங்கோ கீறல் விழுந்து தண்ணீர் ஏறி வந்தாலும் அந்த ஈயக்கட்டியைத் தாண்டாது. இந்த வேலையை அண்ணாச்சி கடையிலேயே உட்கார்ந்து செய்தேன். சால்டர் வைக்கும்போது பக்கத்தில் நின்று, "இன்னும் ஊட்டுங்க, இன்னும் ஊட்டுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

உள்ளே காற்று இல்லாததால் இந்த விளக்கு தானாக முங்கும். கண்ணாடி நிற பி.வி.சி. குழாய்க்குள் பட்டையை வைத்து மூடி போட்டுச் செய்பவர்களும் உண்டு. ரெண்டு இஞ்சுக் குழாயில் ஓரடி நீளத்துக்குச் செய்தால் அதை முக்கவே அரைக்கிலோவுக்கு மேல் ஈயம் கட்ட வேண்டியிருக்கும்.

பேட்டரி, கம்ப்யூட்டர் யு.பி.எஸ்.ஸில் இருக்கும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர். 14.4 வாட்டுக்கு 1.2 ஆம்பியர் இழுக்கும். பாதிக்கு மேல் சார்ஜ் இறங்கினால் பேட்டரி சீக்கிரம் போய்விடும் என்பதால் மூன்று மணி நேரத்துக்கு மேல் எரிப்பதில்லை. பாசிட்டிவ் முனையை ஒட்டியே 3 ஆம்பியர் பியூஸ் கட்டாயம். கரண்டு கம்பத்திலிருந்தோ இன்வெர்ட்டரிலிருந்தோ 230 வோல்ட்டை இழுத்துத் தண்ணீரில் விடுகிற யோசனை யாருக்கும் வரவே கூடாது. கை நனைந்து, கால் சேற்றில் நிற்கிற வேலை இது.

பச்சை ஏன் என்றால், நம் குளத்துத் தண்ணீரில் பாசியும் மண்ணும் கலந்திருக்கும். சிவப்பு சீக்கிரம் மறைந்துவிடும், நீலத்தை இந்தத் தண்ணீரே விழுங்கிவிடும், பச்சைதான் கொஞ்சம் தூரம் போகும். புது வெள்ளம் வந்து செம்மண்ணாகக் கிடக்கும்போது எந்த நிறமும் ஒரு முழம் தாண்டாது. தெளியும்வரை பொறுக்கத்தான் வேண்டும். நிலா இல்லாத ராத்திரிகளில் பலன் அதிகம், பௌர்ணமியை ஒட்டி விளக்கை எடுக்கவே வேண்டாம்.

பாதி ஆழத்தில் தொங்கவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தால், முதலில் தூசி மாதிரி நீர்ப்பூச்சிகள் மொய்க்கும். அதைத் தின்னக் கெண்டைக் குஞ்சுகள் வந்து ஒரே பக்கமாகச் சுற்ற ஆரம்பிக்கும். நடுவே இறாலின் கண் கங்கு மாதிரி மின்னும். பெரிய மீன் வெளிச்சத்துக்குள் வராது, வெளிச்சம் முடிந்து இருட்டு தொடங்குகிற ஓரத்தில் நிற்கும். எங்களுக்குக் கெளுத்தி விழுந்ததெல்லாம் அந்த ஓரத்தில் மண்புழுவைத் தரையோடு போட்டபோதுதான். கரையிலிருந்து டார்ச் அடித்தால் வெளிச்சத்தில் ஒரு பங்கு தண்ணீர் மேலேயே பட்டுத் திரும்பிவிடும், பூச்சியும் முகத்தில் வந்து அடிக்கும். உள்ளே இறக்கும் விளக்கில் அந்தத் தொல்லை இல்லை.

உவரி, கூட்டப்புளிப் பக்கம் கடலுக்கு எடுத்துப் போகலாமா என்று ஒருவர் கேட்டார். கூடாது. நம் நாட்டுக்கு மீன்பிடி உரிமை உள்ள தனிப் பொருளாதார மண்டலக் கடலில் எல்.இ.டி. உள்ளிட்ட செயற்கை விளக்கு வைத்து மீன்பிடிப்பதை 2017 நவம்பரில் மத்திய அரசு தடை செய்துவிட்டது. சரியான தடை. பெரிய விளக்கைப் போட்டுக் குஞ்சும் குறுமீனுமாக வாரிவிட்டால், கட்டுமரத்திலும் வள்ளத்திலும் போகிறவர்களுக்கு மிஞ்சுவது என்ன? அதுபோலக் கூந்தன்குளத்தில் பறவைகள் அடையும் தண்ணீருக்குப் பக்கத்தில் விளக்கும் வேண்டாம், தூண்டிலும் வேண்டாம்.

செய்து முடித்த விளக்கு ஒரு மழைக்காலம், ஒரு கோடை தாண்டி இன்னும் அதே வெளிச்சத்தில் எரிகிறது. ரெசின் லேசாக மஞ்சள் பூத்திருக்கிறது, பச்சைக்கு அது பெரிய நஷ்டமில்லை. தட்டைக் கேபிளை மோட்டார் கடைகளில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள், முழுச் சுருளும் வாங்க வேண்டியதில்லை. சால்டர் கைவராதவர்கள் உங்கள் ஊர் வைண்டிங் கடையில் கேளுங்கள், கொஞ்சம் கூலி வாங்கிக்கொண்டு செய்து தருவார்கள். சித்திரை, வைகாசியில் மட்டும் போகாதீர்கள், காயில் எரிந்த மோட்டார்கள் வரிசையில் கிடக்கும், உங்களைக் கவனிக்க நேரம் இருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் போனால் உட்கார வைத்துப் பொறுமையாகச் செய்து தருவார்கள்.