நீதிபதி தேர்தலுக்கு ஒரு பிரசார ஆலோசனைச் சேவை: டெக்சஸிலிருந்து ஒரு மதிப்பீடு

டெக்சஸின் பெரிய கவுண்டி ஒன்றில் மாவட்ட நீதிமன்ற நீதிபதி பதவிக்குப் போட்டியிட்ட வழக்கறிஞர் நண்பருக்குப் பிரசாரப் பொருளாளராக இருந்தேன். அப்போது நாங்கள் அமர்த்திய ஆலோசனை நிறுவனத்தின் சேவையைப் பற்றிய மதிப்பீடு இது. அங்கே விசாரணை நீதிமன்ற நீதிபதிகளும் நான்காண்டுக்கு ஒருமுறை கட்சி வேட்பாளராக நின்று மக்களிடம் வாக்குப் பெற்றாக வேண்டும் என்பதால், இத்தகைய சேவைக்கு நல்ல கிராக்கி உண்டு.

களத்தைக் கணிப்பதில் இவர்கள் கெட்டிக்காரர்கள். நவம்பர் பொதுத் தேர்தலில் நீதிபதி போட்டிகளைப் பெரும்பாலும் கட்சி அலையே தீர்மானித்துவிடுகிறது. 2018இல் ஹாரிஸ் கவுண்டியில் போட்டி நடந்த 59 நீதிபதி இடங்களையும் ஜனநாயகக் கட்சியே வென்றது. ஆகவே கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் மார்ச் மாத உட்கட்சித் தேர்தலில்தான் வேட்பாளரின் சொந்த உழைப்பு பலன் தரும் என்று முதல் சந்திப்பிலேயே எடுத்துச் சொல்லி, பிரிசிங்க்ட் எனப்படும் வாக்குப்பதிவுப் பகுதிகளின் கட்சித் தலைவர்களின் பட்டியலையும் கட்சி மன்றங்களின் கூட்ட அட்டவணையையும் கையில் கொடுத்தார்கள். ஒரே குறியில் கட்சி முழுவதற்கும் வாக்களிக்கும் வசதி 2020 முதல் இல்லாததால், நவம்பரில் வாக்காளரை நீண்ட வாக்குச்சீட்டின் அடிப்பகுதிவரை வரவழைக்கவும் தனித் திட்டம் வைத்திருந்தார்கள். இந்தப் பகுதிக்குக் கொடுத்த பணம் வீணில்லை.

ஆனால் சட்டமன்ற வேட்பாளருக்குத் தைத்த சட்டையையே நீதிபதி வேட்பாளருக்கும் மாட்டப் பார்த்தார்கள். தபாலில் அனுப்பவிருந்த முதல் துண்டறிக்கையின் தலைப்பு, "போதைப்பொருள் வியாபாரிக்கு என் நீதிமன்றத்தில் கருணை கிடையாது" என்பது. குறிப்பிட்ட வகை வழக்குகளில் முன்கூட்டியே முடிவெடுத்துவிட்டதாகத் தோன்றும் வாக்குறுதியை டெக்சஸ் நீதித்துறை நடத்தை விதிகளின் ஐந்தாம் பிரிவு தடுக்கிறது. நாங்கள் ஆட்சேபித்தபோது, நீதிபதி வேட்பாளர்களின் பேச்சுரிமை பற்றிய 2002ஆம் ஆண்டின் மினசோட்டா வழக்கை மேற்கோள் காட்டி அனுமதி உண்டு என்று வாதிட்டார்கள். அந்தத் தீர்ப்பில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் காத்தது, சர்ச்சைக்குரிய சட்டக் கேள்விகளில் வேட்பாளர் தன் கருத்தைச் சொல்லும் உரிமையை. இன்ன தீர்ப்பு தருவேன் என்று முன்கூட்டியே வாக்குறுதி தரும் உரிமையை அல்ல. நாளை அந்த நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவராக நிற்கப் போகும் ஒருவரின் இடத்திலிருந்து அந்தத் தலைப்பை வாசித்தால், இது எத்தனை பெரிய பிழை என்பது விளங்கும்.

தெருவோரப் பலகையின் அச்சுப் படியிலும் அதே கவனக்குறைவு. பதவியில் இல்லாத வேட்பாளர், பதவிப் பெயருக்கு முன் 'ஃபார்' (for, அதாவது அந்தப் பதவிக்குப் போட்டியிடுகிறவர்) என்ற ஆங்கிலச் சொல்லை, பதவிப் பெயரின் எழுத்தளவில் பாதிக்குக் குறையாமல் அச்சிட வேண்டும் என்பது மாநிலத் தேர்தல் சட்டம். எங்களுக்கு வந்த படியில் நண்பரின் பெயரும் அதன்கீழ் 'ஜட்ஜ்' என்ற சொல்லும் கொட்டை எழுத்தில் இருந்தன; 'ஃபார்' ஓரத்தில் கடுகளவாகக் கிடந்தது. திருப்பி அனுப்பித் திருத்த வைத்தோம்.

நன்கொடைப் பணியில் அவர்கள் நடந்துகொண்ட விதம் கலவையானது. தம் முன் வாதாடப் போகும் வழக்கறிஞர்களிடமே வேட்பாளர் தொலைபேசியில் பணம் கேட்பதை டெக்சஸ் அனுமதிக்கிறது. ஃபுளோரிடா தடுக்கிறது, அந்தத் தடை செல்லும் என்று 2015இல் உச்ச நீதிமன்றமும் கூறிவிட்டது. நண்பருக்கு இது உறுத்தியதால் அந்த அழைப்புகளைப் பிரசாரக் குழுவிடம் மாற்றித் தரக் கேட்டோம்; மறுப்பின்றி மாற்றினார்கள், அதற்கு நன்றி. இருப்பினும், பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நீதித்துறை மாவட்டத்தில் தனிநபர் நன்கொடைக்கு 5,000 டாலர் உச்சவரம்பு இருக்க, அவர்கள் தந்த நன்கொடையாளர் பட்டியலில் யார் இதுவரை எவ்வளவு கொடுத்தார் என்று காட்டும் பத்தியே இல்லை. மாநில நெறிமுறை ஆணையத்துக்குப் பிரசார நிதி அறிக்கை தாக்கல் செய்யும் பொறுப்பில் இருந்த நான் அதை முதலிலிருந்து தயாரிக்க வேண்டியதாயிற்று.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் தருகிறேன். உட்கட்சிப் போட்டி கடுமையாக இருக்கும் பெரிய கவுண்டியில் இத்தகைய நிறுவனத்தை அமர்த்தலாம். போட்டியாளரே இல்லாதவருக்கு இந்தச் செலவு தேவையில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், நடத்தை விதிகள் அறிந்த வழக்கறிஞர் ஒருவர் பார்த்து ஒப்புதல் தராமல் எந்தத் துண்டறிக்கையும் அச்சுக்குப் போகக் கூடாது என்பதையும், அச்சு மற்றும் விளம்பரச் செலவில் நிறுவனம் எடுக்கும் கமிஷன் எவ்வளவு என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.